மடக்கு சைக்கிளுக்கு எதை மாட்டலாம், எதை விட்டுவிடலாம்

இந்த செமஸ்டர் ஆரம்பித்ததும் எங்கள் வகுப்பில் மூன்று பேர் புதிதாக ஃபோல்டிங் சைக்கிள் வாங்கியிருக்கிறார்கள். மூவரும் தனித்தனியாக என்னிடம் வந்து கேட்டது ஒரே கேள்வி: "இதுக்கு இன்னும் என்னென்ன வாங்கணும்?" ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். அதனால் மொத்தமாக இங்கேயே எழுதிவிடுகிறேன். சைக்கிளே ஓட்டாதவர்களும் படிக்கலாம், காசு கேட்க மாட்டேன் :-)

முதலில் என் நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் என் யோசனையைக் கேட்டுக் காசைச் செலவழித்தால் நான் பொறுப்பல்ல. வீடு உட்லண்ட்ஸ். படிப்பது நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். ஜூரோங் ஈஸ்ட்டில் ரயில் மாறி, பயனீரில் இறங்கி, அங்கிருந்து என் துறைக் கட்டடத்துக்கு ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர். பேருந்து இருக்கிறது, ஆனால் காலை வரிசையில் நின்று பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதைவிட முக்கியம், வாரத்தில் மூன்று நாள் மாலையில் ஜூரோங் வெஸ்ட்டில் தொடக்கநிலை ஐந்து படிக்கும் ஒரு பையனுக்கு நான் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். ஆய்வுக்கூடம் முடிவது ஆறு மணி, டியூஷன் ஆறரைக்கு. பேருந்தை நம்பினால் பாதி நாள் தாமதம்தான். சைக்கிளில் பதின்மூன்று நிமிடம். டியூஷன் பணம்தான் என் சாப்பாடு, தொலைபேசிக் கட்டணம், புத்தகம் எல்லாம். ஆகவே இந்த சைக்கிள் எனக்கு விளையாட்டுப் பொருள் இல்லை. அது ஒரு நாள் படுத்துக்கொண்டால் அன்றைய வருமானமும் படுத்துக்கொள்ளும்.

சைக்கிள் இருபது அங்குலச் சக்கரம், அலுமினியச் சட்டம், எட்டு கியர், ஏறக்குறைய பன்னிரண்டு கிலோ. இரண்டாம் கையாக வாங்கியது. நடுச்சட்டத்தில் ஒரு கீல், ஹேண்டில் கம்பியில் ஒரு கீல். உலகத்தில் விற்கிற ஃபோல்டிங் சைக்கிளில் பெரும்பாலானவை இந்த மாதிரிதான். கலிஃபோர்னியாவில் லேசர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த டேவிட் ஹான் என்ற இயற்பியலாளர், 1970களின் எண்ணெய் நெருக்கடியைப் பார்த்துவிட்டு மடக்கு சைக்கிள் வடிவமைக்க உட்கார்ந்தார். 1982ல் டாஹோன் கம்பெனி பிறந்தது. லண்டனில் ஆண்ட்ரூ ரிச்சி 1970களின் நடுவில் உருவாக்கிய பிராம்ப்டன் வேறு ஜாதி. பின்சக்கரம் அடியில் சுருண்டு, மூன்றாக மடியும். அதை வைத்திருப்பவர்கள் வகுப்பில் யாரும் இல்லை (இருந்தால் என்னோடு உணவங்காடியில் சாப்பிட மாட்டார்கள்). ஆகவே நான் சொல்வதெல்லாம் பாதியாக மடியும் இருபது அங்குல வண்டிகளுக்கு.

இப்போது விஷயம். இங்கே ரயிலிலும் பேருந்திலும் மடக்கிய சைக்கிளைக் கொண்டுபோகலாம். நெரிசல் நேரத்தில் முன்பு அனுமதி இல்லை. 2016 டிசம்பரில் நாள் முழுக்க அனுமதித்துச் சோதனை பார்த்தார்கள், பிறகு நிரந்தரமாக்கிவிட்டார்கள். நிலப் போக்குவரத்து ஆணையம் வைத்திருக்கும் அளவு 120 செ.மீ, 70 செ.மீ, 40 செ.மீ. நீளத்தில் யாரும் மாட்ட மாட்டார்கள். மடித்த இருபது அங்குல வண்டி எண்பது செ.மீ சுற்றுவட்டாரம்தான். மாட்டுவது அந்த 40ல். சக்கரங்கள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து, நடுவில் ஹேண்டில் செருகிக்கொண்டு, வெளியே ஒரு பெடல் நீட்டிக்கொண்டு நிற்கும்போது, கடையிலிருந்து வந்தபடியே 35, 38 என்றுதான் இருக்கும். கையில் மிச்சம் இரண்டு மூன்று செ.மீ!

கடைக்காரர்களும் வீடியோ போடுகிறவர்களும் பேசாத விஷயம் இதுதான். அவர்கள் காட்டும் சாமான் எல்லாம் சைக்கிள் விரிந்து நிற்கும்போது நன்றாகத்தான் இருக்கும். ஆனால் என் சைக்கிள் ஒரு நாளில் விரிந்து இருப்பது முக்கால் மணி நேரம். மீதி நேரம் ரயில் பெட்டியின் மூலையில், ஆய்வுக்கூட மேசைக்கு அடியில், வீட்டில் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் மடிந்து கிடக்கிறது. அப்புறம் படிக்கட்டில் என் கையில் தொங்குகிறது. அதனால் எதை வாங்கும் முன்னும் நான் பார்ப்பது இரண்டு. மாட்டிய பிறகும் முன்போல மடியுமா? மடிக்க நேரம் கூடுமா? அளவு நாடா ஒன்று எப்போதும் பையில் இருக்கிறது. நண்பர்கள் தையல்காரன் என்று கிண்டல் செய்கிறார்கள், செய்யட்டும்.

காசு செலவில்லாத மேம்பாட்டிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதைத்தான் யாரும் செய்வதில்லை. கீல். நடுச்சட்டத்தின் கிளாம்ப்பை மூடும்போது உள்ளங்கையால் கொஞ்சம் அழுத்தி மூட வேண்டியிருக்க வேண்டும். ஒரு விரலால் தட்டினாலே மூடிக்கொண்டால் தளர்ந்திருக்கிறது என்று பொருள். பெரும்பாலான வண்டிகளில் அதை இறுக்க ஒரு சின்னத் திருகு இருக்கும். ஸ்பானரோ ஆலன் கீயோ கொண்டு கால் சுற்று திருப்பினால் போதும். அளவுக்கு மீறி இறுக்கினாலும் கெடுதல், கிளாம்ப் நெம்புகோல் விண்ணென்று நின்று நாளடைவில் உலோகமே சோர்ந்துபோகும். ஹேண்டில் கம்பியின் கீல் இன்னும் முக்கியம். சட்டம் ஆடினால் கிறீச்சென்று சத்தம் கேட்கும், சுதாரிக்கலாம். ஹேண்டில் கம்பி ஓடும்போது விலகினால் சுதாரிக்க நேரமே இருக்காது. கிளாம்ப்பைத் தவிர, தானாகத் திறக்காமல் தடுக்க இரண்டாவதாக ஒரு சின்னக் கொக்கி இருக்கும். அது விழுந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறை விரித்ததும் கண்ணால் பார்த்து, கையால் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவேன். மூன்று விநாடி வேலை. இரண்டாம் கை சைக்கிள் வாங்குகிறவர்கள் கீலின் பற்றவைப்பைச் சுற்றி முடி போன்ற விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். இருந்தால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். மற்ற எல்லாவற்றையும் மாற்றலாம், சட்டத்தை மாற்ற முடியாது.

இன்னொரு இலவசம்: சீட் கம்பியில் உங்கள் உயரத்துக்கு ஒரு கோடு. நான் மின்சார வேலைக்கான கறுப்பு டேப்பை மெல்லிய வளையமாகச் சுற்றியிருக்கிறேன். விரித்ததும் அந்த வளையம் வரை இழுத்து இறுக்க வேண்டியதுதான். கோடு போடாத ஆட்கள் தினமும் ஏறி, இறங்கி, முட்டி வலிக்கிறது என்று மறுபடி இறக்கி ஏற்றிக்கொண்டிருப்பார்கள். சிலருக்கு அந்த அலுப்பிலேயே மடிக்கும் ஆசை போய்விடுகிறது.

காசு கொடுத்து வாங்குவதில் முதல் இடம் டயருக்கு. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. சின்னச் சக்கரம் என்றால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். என் சக்கரத்தின் சுற்றளவு 1.53 மீட்டர். ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 650 சுற்று. சாதாரணப் பெரிய சைக்கிளுக்கு 470 சுற்று போதும். அதே தூரத்துக்கு டயரின் ஒவ்வோர் இடமும் அதிக முறை தரையில் தேய்கிறது, கண்ணாடித் துண்டைச் சந்திக்கும் வாய்ப்பும் அப்படியே. பள்ளத்தில் பெரிய சக்கரம் மேலே தாவிப் போகும், சின்னது உள்ளே இறங்கி ஏறும். நடைபாதை விளிம்புச் சரிவும் வடிகால் மூடியின் இடுக்கும் இருபது அங்குலக்காரனுக்குத் தனி அனுபவம்.

நான் மாட்டியிருப்பது 40 மி.மீ அகலமுள்ள ஷ்வால்பே மாரத்தான். உள்ளே பஞ்சர் தடுக்கும் ரப்பர் படலம் உள்ள வகை. கனம்தான். இதைவிட நூறு இருநூறு கிராம் குறைந்த வழவழப்பான டயர்கள் இருக்கின்றன, ஓட்டுவதற்கு வெண்ணெய் மாதிரி இருக்கும் என்கிறார்கள். இருக்கட்டும். ஆறு பத்துக்குப் பஞ்சர் ஆனால் ஆறரைக்கு நான் எங்கே நிற்பேன்? பின்சக்கரத்தைக் கழற்றுவது கியர் வண்டியில் எளிதல்ல, கையெல்லாம் கரி. அந்தக் கையோடு போய் பையனின் பயிற்சிப் புத்தகத்தைத் திருத்த முடியாது. கனத்துக்கு நான் கொடுக்கும் விலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அகலமான டயரில் இன்னொரு லாபம், காற்றைக் கொஞ்சம் குறைத்து வைத்து அதையே ஸ்பிரிங்காகப் பயன்படுத்தலாம். என் எடைக்கு 65 பிஎஸ்ஐ வைக்கிறேன். சின்ன டியூப்பில் காற்று சீக்கிரம் இறங்கும். வாரம் ஒரு தடவை அடிக்காவிட்டால் எந்த உயர்ந்த டயரும் மாட்டு வண்டிதான்.

டயர் வாங்கும்போது ஒரு பொறி இருக்கிறது. "இருபது அங்குலம்" என்ற பெயரில் இரண்டு வெவ்வேறு அளவு விற்கிறது. ரிம்மின் விட்டம் 406 மி.மீ ஒன்று, 451 மி.மீ இன்னொன்று. பெட்டியில் இரண்டுக்கும் 20 என்றுதான் பெரிதாகப் போட்டிருக்கும். பதினாறு அங்குலத்திலும் இதே கூத்து, 305 மற்றும் 349. என் வகுப்புத் தோழன் ஒருவன் தள்ளுபடி விலையில் ஆசைப்பட்டு இரண்டு டயர் தருவித்தான். வந்தது 451. ஒரு மாலை முழுக்க நானும் அவனும் சட்டையைக் கழற்றிவிட்டு மல்லுக்கட்டினோம் என்று நினைக்காதீர்கள். ரிம் மீது வைத்ததுமே இடைவெளி தெரிந்துவிட்டது. விடுதி அறையில் அவன் அதைச் சுவரில் மாட்டிக் கடிகாரம் செய்திருக்கிறான், பார்க்க நன்றாகவே இருக்கிறது. பழைய டயரின் பக்கவாட்டில் 40-406 என்பது போல ஓர் எண் அச்சாகியிருக்கும். அந்த எண்ணைக் கடையில் காட்டுங்கள், அங்குலத்தைச் சொல்லாதீர்கள்.

அடுத்தது பிரேக் கட்டை. அப்பா செம்பவாங் கப்பல் பட்டறைக்குச் சைக்கிளில் போய்வந்தவர். நான் இந்த வண்டியைக் கொண்டுவந்த அன்று சுற்றிப் பார்த்துவிட்டு, "ஓடுறது இருக்கட்டும், நிக்குமாடா?" என்று மட்டும் கேட்டார். டிசம்பர், ஜனவரி மழையில் அந்தக் கேள்வியின் அருமை தெரியும். மலிவான வண்டியோடு வரும் கட்டைகள் ஈரத்தில் கண்ணாடி மேல் சோப்பு மாதிரி வழுக்கும். மழைக்கென்றே ரப்பர் கலவை மாற்றிச் செய்யும் கட்டைகள் உண்டு. கூல்-ஸ்டாப்பின் செங்காவி கலந்த இளஞ்சிவப்புக் கட்டை அதற்குப் பெயர் போனது, அதைத்தான் போட்டிருக்கிறேன். ஒரு ஜோடி சாப்பாட்டுக் காசு, மாட்டுவது பத்து நிமிடம். சின்னச் சக்கரத்தில் ரிம்மும் சீக்கிரம் தேயும் என்பதால், கட்டையில் குத்தி நிற்கும் அலுமினியத் துகள்களை மாதம் ஒருமுறை ஊசியால் எடுத்துவிடுவது நல்லது.

கட்டையோடு கேபிளையும் சேர்த்துப் பாருங்கள். பெரிய சைக்கிளில் கேபிள் ஒருமுறை வளைந்து அப்படியே கிடக்கும். நம் வண்டியில் ஒரு நாளைக்கு எட்டு பத்து முறை மடிந்து விரிகிறது. உறை ஹேண்டில் கீல் அருகில் வெடித்து, தண்ணீர் போய், துரு பிடித்து, பிரேக் பிடித்தபின் விட மாட்டேன் என்று அடம் பிடிக்கும். மாற்றும்போது பழைய உறையின் நீளத்தை அப்படியே அளந்து வெட்டச் சொல்லுங்கள். அழகாக இருக்கட்டும் என்று குட்டையாக வெட்டினால் மடிக்கும்போது இழுக்கும். நான் வழக்கமாகப் போகும் கடை அங்கிள், உறையை வெட்டும் முன் வண்டியை ஒருமுறை மடித்துப் பார்ப்பார். அதைப் பார்த்த பிறகுதான் அவரை நம்ப ஆரம்பித்தேன்.

பை. இதற்குக் கொஞ்சம் யோசித்துச் செலவு செய்யலாம். முப்பத்தோரு டிகிரியில் முதுகுப்பை மாட்டி ஓட்டினால் சட்டையில் இந்து மகா சமுத்திரத்தின் வரைபடம் உருவாகும். பின் கேரியர் ஒரு வழி. ஆனால் நம் வண்டியில் பின்சக்கரம் பெடலுக்கு மிக அருகில் இருப்பதால், கேரியரின் பக்கவாட்டில் பை தொங்கவிட்டால் குதிகால் இடிக்கும். கேரியரே முக்கால் கிலோ. ஹேண்டிலில் தொங்கும் கூடை வேண்டவே வேண்டாம். திரும்பும்போது சுமையும் சேர்ந்து திரும்பி, நீளமான ஹேண்டில் கம்பியை இன்னும் ஆட்டும். மடிக்கவும் விடாது. சரியான இடம், முன் சக்கரத்துக்கு மேலே சட்டத்தின் தலைக்குழாய். டாஹோன், டெர்ன் வண்டிகள் பலவற்றில் அங்கே இரண்டு திருகுத் துளைகள் உண்டு. அதில் ஒரு பிளாஸ்டிக் கட்டையைப் பூட்டிவிட்டால், கிளிக்ஃபிக்ஸ் மாதிரிப் பைகள் ஒரு பொத்தானில் மாட்டும், ஒரு பொத்தானில் கழலும். ஹேண்டில் திரும்பினாலும் பை நேராகவே நிற்கும். எடை முன்னால் போவதால், வால் கனத்த இந்த வண்டிகள் நேராகவும் ஓடும். நிலையத்தில் பையைக் கழற்றித் தோளில் போட்டு, வண்டியை மடித்துக் கையில் எடுத்தால் போயிற்று. என் வண்டியில் துளைகள் இருந்தது என் அதிர்ஷ்டம். கட்டையைப் புதிதாகவும் பையைப் பழையதாகவும் வாங்கி, அறுபது வெள்ளிக்குள் முடித்தேன். துளைகள் இல்லாத வண்டி என்றால் முதுகுப்பையோடே இருங்கள். சட்டத்தில் கிளாம்ப் வைத்துக் கட்டும் மலிவு ஏற்பாடுகள் குலுங்கிக் குலுங்கி வண்ணத்தைச் சுரண்டுகின்றன.

விளக்கு சட்டப்படி வேண்டும், இருட்டில் முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு. சாலையில் இறங்கினால் தலைக்கவசமும் 2019 பிப்ரவரியிலிருந்து கட்டாயம். எந்த விளக்கு என்பதைவிட எங்கே மாட்டுவது என்பதுதான் மடக்கு சைக்கிளில் கேள்வி. எல்லாரும் சிவப்பு விளக்கைச் சீட் கம்பியில் மாட்டுவார்கள். மடிக்கும்போது சீட் கம்பி கீழே இறங்க வேண்டுமே? விளக்கு தடுக்கும். தினமும் இரண்டு தடவை கழற்றி மாட்டி, ஒரு நாள் பாக்கெட்டிலேயே மறந்துபோய், விளக்கில்லாமல் வீடு வருவார்கள். மேலும் டாஹோன் வகைச் சீட் கம்பி 34 மி.மீ தடிமன், சாதாரண விளக்கின் ரப்பர் பட்டை எட்டாது. சீட்டின் அடியில் இருக்கும் தண்டவாளக் கம்பியில் மாட்டினால் இந்தத் தொல்லை இல்லை. முன் விளக்கும் அப்படித்தான். ஹேண்டிலின் நடுவில் மாட்டினால் மடித்ததும் சக்கரத்துக்கு இடையில் நசுங்கும். ஓரமாக, மடித்து வைத்துப் பார்த்து இடம் தேர்வு செய்யுங்கள்.

பெடல் பற்றி நிறைய சண்டை உண்டு. கூட வரும் மடக்கு பெடல்கள் பிளாஸ்டிக்கில் லேசாக ஆடும். ஒரு வளையத்தைத் தள்ளினால் கையோடு வந்துவிடும் கழற்றும் பெடல்களை எம்கேஎஸ், வெல்கோ எல்லாம் செய்கிறார்கள். வழுவழுவென்று சுற்றும், தடிமனிலும் நல்ல மிச்சம். ஆனால் கழற்றிய பெடலை எங்காவது வைக்க வேண்டும், வைத்த இடம் நினைவிருக்க வேண்டும். என்னைப் போன்ற மறதிக்காரனுக்கு அலுமினிய மடக்கு பெடலே போதும். 40 செ.மீ எல்லையைத் தாண்டிவிட்ட வண்டியாக இருந்தால் மட்டும் கழற்றும் வகை.

மட்கார்டு அவசியம். முழு நீளம் போடலாம், ஆனால் அதைத் தாங்கும் கம்பிகள் மடிப்பில் மற்றச் சக்கரத்தின் ஆரங்களோடு சிக்காமல் இருக்கிறதா பாருங்கள். ஸ்டாண்டு தேவையில்லை, சுவர் இருக்கிறது.

இனி வேண்டாதவை. என் இன்னொரு நண்பனின் கதையைச் சொன்னால் ஒரே மூச்சில் முடிந்துவிடும். சட்டம் முந்நூறு வெள்ளி, மேலே போட்டது அறுநூறு வெள்ளி. 58 பல் கொண்ட பெரிய முன் பல்சக்கரம், 451 சக்கரங்களுக்கு மாற்றம், கொம்பு வைத்த கைப்பிடிகள், தங்க நிறத் திருகுகள். அட்டகாசமாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மடித்தால் கொம்பு ஆரத்தில் குத்துகிறது. ஆறு மாதமாக அவன் அதை மடிக்கவேயில்லை. வீவக கட்டடத்தின் கீழே பூட்டு போட்டு நிறுத்திவைத்திருக்கிறான், பள்ளிக்குப் பேருந்தில் வருகிறான்! அவ்வளவு காசில் நல்ல பெரிய சைக்கிளே வாங்கியிருக்கலாம்.

அந்தப் பெரிய பல்சக்கரத்தைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு, டியூஷன் வாத்தியார் புத்தி போகாது. என் வண்டியில் முன்னால் 52 பல், பின்னால் மிகச் சிறியது 11. பெடல் ஒரு சுற்று சுற்றினால் 52 வகுத்தல் 11, அதைச் சுற்றளவு 1.53 மீட்டரால் பெருக்கினால் ஏறக்குறைய 7.2 மீட்டர் போகும். நிமிடத்துக்கு எண்பது சுற்று மிதித்தால் மணிக்கு ஏறக்குறைய முப்பத்தைந்து கிலோமீட்டர். சைக்கிள் பாதையிலும் பூங்கா இணைப்புப் பாதையிலும் வேக எல்லை 25, நடைபாதையில் 10. இருக்கிற வேகத்தையே பயன்படுத்த முடியாதபோது 58 பல் எதற்கு? மாறாக எங்கள் வளாகம் முழுக்க மேடு. வேண்டியது கீழ் கியர். பின்னால் பெரிய பல் 28 இருந்த கேசட்டை 32க்கு மாற்றினேன், இருபத்தைந்து வெள்ளி. அதே பழைய கியர் மாற்றியே தாங்கியது. உங்கள் வண்டியில் தாங்குமா என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் நீண்ட கை வைத்த கியர் மாற்றி போட்டால் சின்னச் சக்கரத்தில் அது தரையை உரசும் அளவுக்குத் தொங்கும்.

சக்கரத்தை மொத்தமாக மாற்றும் ஆசை இருந்தால் இன்னொன்று. டாஹோன் வகையில் பலவற்றுக்கு முன் ஹப்பின் அகலம் 74 மி.மீ, ஊரில் உள்ள மற்ற சைக்கிளுக்கெல்லாம் 100. அழகான சக்கரம் கிடைத்தாலும் முன் கவையில் நுழையாது.

கடைசியாக, மூன்று வெள்ளிச் சாமான் ஒன்று. ஒட்டுப்பட்டை வைத்த ஒரு நாடா. மடித்த இரண்டு பாதிகளையும் சேர்த்துக் கட்ட. வண்டியோடு வரும் காந்தம் பழசானால் பிடிக்காது, தூக்கும்போது வாய் பிளந்து காலில் அடிக்கும். ரயிலில் நிற்கும்போதும் இந்த நாடாதான் காவல். அதோடு செயின் பக்கத்தை மூட ஒரு பழைய துணிப்பை. அம்மா அரிசிப் பையை வெட்டி, ஓரம் தைத்து, எலாஸ்டிக் கோத்துக் கொடுத்தார்கள். ஒரு நாள் மாலை புக்கிட் பாத்தோக்கில் கூட்டம் ஏறியபோது, வெள்ளைப் பருத்திப் புடவை கட்டிய ஒரு பாட்டி என் வண்டியோடு ஒட்டி நிற்க வேண்டியதாயிற்று. முந்தானை சரியாகச் செயின் மேல்தான் இருந்தது. உட்லண்ட்ஸ் வரைக்கும் எனக்கு மூச்சே வரவில்லை. இறங்கும்போது பார்த்தேன், ஒரு புள்ளிகூட இல்லை. பாட்டி என் வண்டியைக் காட்டி, "ஏம்ப்பா, சைக்கிளுக்குச் சட்டை போட்டிருக்கே?" என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

கேட்ட மூவருக்கும் வரிசை இதுதான்: இந்த மாதம் கீலும் சீட் கோடும், அடுத்த சம்பளத்தில் டயர், பிரேக் கட்டை, விளக்கு. பை அப்புறம். டியூப் வாங்கும்போது காரில் இருப்பது போன்ற தடித்த வால்வு கேளுங்கள், ரிம் துளைக்குப் பொருந்தினால். மெல்லிய வால்வுக்குத் தனி முனை வேண்டும். தடித்தது என்றால் பெட்ரோல் நிலையத்திலேயே காற்றடித்துக்கொள்ளலாம். என் காற்றடிக்கும் பம்ப்பை இரவல் கேட்கிறவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் திருப்பித் தந்துவிட வேண்டும், சனிக்கிழமை நான் அடிக்கும் நாள்.